அன்றைக்குச் சட்னியில் இருந்தது

ஜவளகிரி,
20 பிப்ரவரி 2025

முனீஸ்வரனுக்கு நஞ்சம்மா எழுதுவது.

நேற்று முதல் ஷிப்டுக்கு வந்துவிட்டாய் என்று கம்பெனி பஸ் ஓட்டும் கோவிந்தன் அண்ணன் சொன்னார். சந்தோஷம். இதை மனதாரத்தான் எழுதுகிறேன். இதற்குமேல் எழுதப்போவது எதுவும் சந்தோஷமாக இருக்காது.

ஒன்பது நாளில் பதினாறு தடவை உனக்கு போன் செய்தேன். முதல் நாலு தடவை மணி அடித்தது. பிறகு அடிக்கவே இல்லை. "உன் நம்பரை பிளாக் பண்ணிட்டாரும்மா" என்று என் மகள் சொன்னாள். அதனால்தான் பேப்பர். பத்தாவது வரைக்கும் படித்தவள், எழுத வராமல் இல்லை.

பிப்ரவரி 11 காலையில் என் கேன்டீனில் இருநூற்று நாற்பது பேர் இட்லி தின்றார்கள். அதே சட்னி, அதே கரண்டி. விழுந்தது நீ ஒருவன்தான். கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். காய்கறி ஏற்றும் தள்ளுவண்டியில் உன்னைப் போட்டு, செருப்புகூட இல்லாமல் முதலுதவி அறை வரைக்கும் தள்ளிக்கொண்டு ஓடியது நான். உன் உதடு வீங்கி உன் முகம் உன் முகமாகவே இல்லை. ஆம்புலன்ஸ் போன பிறகு திரும்பி வந்து பார்த்தால், காண்ட்ராக்டர் தங்கதுரை சட்னிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

பழைய சட்னியைப் புதுச் சட்னியில் கலந்துவிட்டேன் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார். காலை ஐந்து மணிக்கு அரைத்தது, முனீஸ். எட்டு வருஷத்தில் பழையதை நான் ஒருவருக்கும் போட்டதில்லை. என்னை வெளியே அனுப்பினார்கள். "பேர்லயே நஞ்சு இருக்கு, கையில இருக்காதா?" என்று அவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். நஞ்சுண்டேஸ்வரரை வேண்டிப் பிறந்தவள் என்று என் அப்பா வைத்த பெயர் அது.

மார்ச் 14 அன்று விசாரணை. உன்னையும் கூப்பிடுவார்கள். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். டாக்டர் உன்னிடம் என்ன சொன்னார்?

நஞ்சம்மா

*

ஓசூர்,
24 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். தாங்கள் செய்த உதவிக்கு நன்றி. உடம்பு பரவாயில்லை. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னார். அதற்குமேல் எனக்குத் தெரியாது. விசாரணையில் என்ன கேட்கிறார்களோ அதற்குத் தெரிந்ததைச் சொல்வேன்.

தயவுசெய்து பஸ்ஸில் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டாம். பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்கள். போனில் எழுதினால் அது யார் யாருக்கோ போகும் என்பதால்தான் நானும் பேப்பரில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மு. முனீஸ்வரன்

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்குச் சட்னியில் என்ன போட்டீர்கள்?

*

ஜவளகிரி,
26 பிப்ரவரி 2025

முனீஸ்,

நீ கடைசியில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் பத்து தடவை படித்தேன். மேலே எழுதியதெல்லாம் யாருக்கோ எழுதியது. அந்த வரி மட்டும் நீ எழுதியது.

ஒரு வருஷமாக நீ தட்டை நீட்டும்போதெல்லாம் கேட்டாய். "என்னாக்கா, இன்னைக்கு இதுல என்னா போட்ட?" என்று. குழம்புக்குக் கேட்டாய், பொரியலுக்குக் கேட்டாய், கேசரிக்குக்கூடக் கேட்டாய். என் கைப்பக்குவம் பிடித்துப்போய்க் கேட்கிறாய் என்று நினைத்தேன். உன் வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் கேட்கிறாய் என்று உப்பு அளவுகூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ ருசிக்குக் கேட்கவில்லை. பயந்து கேட்டிருக்கிறாய்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "பழைய சோறு தின்னா வயித்தால போவும், வாந்தி வரும். அஞ்சு நிமிஷத்துல உதடு வீங்காது. அது அலர்ஜி" என்றார். உனக்கு என்ன ஆகாது? எப்போதிலிருந்து?

இரண்டு கம்பெனி கேன்டீனில் வேலை கேட்டுப் போனேன். ஒரு இடத்தில் கேட்டிலேயே, "ஓ, அந்த நஞ்சம்மாவா?" என்றான். இப்போது ராகிக் காட்டில் களை எடுக்கிறேன். களை எடுப்பதில் எனக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் சோற்றில் விஷம் வைத்தவள் என்கிற பேரோடு களை எடுக்க முடியவில்லை.

நஞ்சம்மா

*

ஓசூர்,
2 மார்ச் 2025

அக்கா,

இதைப் படித்தவுடன் கிழித்துப்போட வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

எனக்கு நிலக்கடலை ஆகாது.

இதை எழுதுவதற்கே சிரிப்பாக இருக்கிறது. குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருக்கிற இரண்டு ஏக்கரிலும் கடலைக்காய்தான். சின்ன வயதில் பச்சையாகத் தின்றேன், வேகவைத்துத் தின்றேன், டவுசர் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். இருபத்தெட்டு வயது வரைக்கும் ஒன்றும் இல்லை. 2023இல் செடி பிடுங்கியபோது அம்மா ஒரு குண்டான் வேகவைத்தாள். இரண்டு கை தின்றிருப்பேன். உதடு அரித்தது. வயிற்றில் தடிப்புத் தடிப்பாக வந்தது. ஏதோ பூச்சி கடித்தது என்று விட்டுவிட்டோம்.

பதினைந்து நாள் கழித்து ஜூஜுவாடியில் டீக்கடையில் ஒரு கடலை உருண்டை வாயில் போட்டேன். டீ வருவதற்குள் தொண்டை அடைத்துவிட்டது. டீக்கடைக்காரர்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிறகு பெங்களூரில் ஒரு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே கடலையைத் தொடவே கூடாது" என்றார். "பொறந்ததுல இருந்து தின்னவன் மேடம்" என்றேன். "பெரியவங்க ஆனப்புறமும் வரும்ப்பா. ஏன் உனக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது" என்றார். ஒரு ஊசி மருந்து எழுதிக்கொடுத்து, எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து என் பிழைப்பு இப்படித்தான். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் படிக்காமல் வாயில் வைப்பதில்லை. கல்யாண வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கூட வேலை செய்கிறவன் கடலை தின்ற கையால் டீ டம்ளர் நீட்டினால், வயிறு சரியில்லை என்று பொய் சொல்வேன். செடி பிடுங்கும் நாளில் ஊருக்குப் போவதில்லை. "நம்ம மண்ணுல வெளையறது நம்ம பையனுக்கே ஆவாதா? பட்டணத்து நடிப்பு" என்று அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அம்மா நம்புகிறாள், ஆனால் கடலை வெந்த சட்டியை மாற்ற மறந்துவிடுகிறாள். என் அம்மா கையால் சாப்பிட எனக்குப் பயம், அக்கா. இதை நான் யாரிடம் சொல்வேன்?

கம்பெனியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பெயின்ட் ஷாப் ராஜலட்சுமியை உங்களுக்குத் தெரியும். மெடிக்கல் படிவத்தில் வலிப்பு வரும் என்று உண்மையை எழுதினாள். அடுத்த மாதம் அவள் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. நான் ஆறு வருஷமாகக் காண்ட்ராக்டில் இருக்கிறேன். மார்ச் 31 அன்று நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியல் வருகிறது. என் பெயர் இருக்கிறது என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். ஊசி மருந்தை லாக்கரில்தான் வைத்திருந்தேன். உள்ளே எடுத்துப்போக வேண்டும் என்றால் காரணம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் எல்லாம் எழுதியிருக்கிறது. கம்பெனிக்கு லீவுச் சீட்டை மட்டும்தான் கொடுத்தேன். பழைய சட்னி என்று தங்கதுரை சொன்னபோது எனக்கு அது வசதியாக இருந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

ஆனால் அக்கா, அன்றைக்கும் நான் கேட்டேன். "தேங்கா சட்னிதானே?" என்று. நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் "ஆமா" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சாப்பிட்டேன்.

முனீஸ்

*

ஜவளகிரி,
5 மார்ச் 2025

முனீஸ்,

இரண்டு நாளாக உன் கடைசி வரிதான் என்னோடு களை எடுக்க வருகிறது.

ஆமாம். நான் பொய் சொன்னேன்.

தேங்காய் விலை ஏறியதும் தங்கதுரை ஒரு மூட்டை நிலக்கடலைப் பருப்பு இறக்கினார். தேங்காய் பாதி, வறுத்த கடலை பாதி போடச் சொன்னார். "தேங்காயக் கொறச்சிட்டோம்னு தெரிஞ்சா யூனியன்காரங்க வந்து நிப்பாங்க. யார் கேட்டாலும் தேங்காதான்னு சொல்லு, புரியுதா?" என்றார். கடலை என்ன கெட்ட பொருளா, ருசியாகத்தானே இருக்கும் என்று நானும் இருந்துவிட்டேன். நீ கேட்டபோது பின்னாலேயே அவர் நின்றிருந்தார். உன் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்றுதான் பார்க்கவில்லை.

அது உன் உயிர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தட்டைப் பிடுங்கியிருப்பேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னேன். இரண்டும் சேர்ந்து உன்னை அந்தத் தள்ளுவண்டியில் போட்டது.

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. என் வீட்டுக்காரர் திம்மராயன் படித்துவிட்டார். "இது ஒண்ணு போதும். விசாரணையில கொண்டுபோய் மேஜை மேல வை. பழைய சட்னிப் பேச்சு அன்னைக்கே முடிஞ்சிடும்" என்கிறார். அவர் சொல்வதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் மறைக்கக் கூடாது என்று சொல்கிறேன்.

நஞ்சம்மா

*

ஓசூர்,
7 மார்ச் 2025

நம்பி எழுதினேன். கிழிக்கச் சொன்னேன். இப்படிச் செய்வீர்கள் என்று நினைக்கவில்லை.

சுசித்ராவுக்கு ஏழாவது மாதம். இந்த வேலை போனால் இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் வேறு எங்கே போய் நிற்பேன்? எந்தக் கம்பெனியிலும் மெடிக்கல் இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் உங்களுக்கு இன்னொரு அடுப்பு கிடைக்கும். எனக்கு இன்னொரு பட்டியல் கிடைக்காது.

அந்தக் கடிதத்தைக் காட்டினால் நானும் சும்மா இருக்க மாட்டேன். கடலை போட்டதை மறைத்து, கேட்டவனிடம் பொய் சொல்லி, சாகக் கொடுக்கப் பார்த்தீர்கள் என்று சொல்வேன். உங்கள் கைப்பட எழுதியது என்னிடமும் இருக்கிறது.

முனீஸ்வரன்

*

ஜவளகிரி,
11 மார்ச் 2025

முனீஸ்,

இதோடு உன் கடிதத்தை வைத்திருக்கிறேன். நீ எழுதிய அதே தாள்தான். போட்டோ எடுத்து வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை.

உன் மிரட்டலுக்குப் பயந்து அனுப்புகிறேன் என்று நினைக்காதே. என் கடிதத்தை நீ தாராளமாகக் காட்டு. காட்டாவிட்டாலும் வெள்ளிக்கிழமை நானே சொல்லப்போகிறேன். கடலை போட்டேன், மறைக்கச் சொன்னார்கள், மறைத்தேன் என்று. என் பொய்யை நான் சொல்லிக்கொள்கிறேன். உன்னுடையதை உன் வாயிலிருந்து நான் பிடுங்க மாட்டேன். நோயாளி ஒருவன் நம்பி எழுதியதை மேஜை மேல் வைத்துப் பிழைத்தால், நான் ஆக்குகிற சோறு எனக்கே இறங்காது.

நாற்பத்தாறு வயதில் இன்னொரு அடுப்பு கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். ஓசூரில் எந்தக் கேட்டில் கிடைக்கும் என்று நீயே ஒரு நாள் என்னோடு வந்து கேட்டுப்பார்.

இப்போது அங்கே சமைக்கிற ஆள் புதுசு. மூட்டையில் பாதிக்குமேல் கடலை மிச்சம் இருந்தது. நீ என்ன சாப்பிடுகிறாய்? வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போ. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நஞ்சம்மா

*

ஓசூர்,
18 மார்ச் 2025

அக்கா,

வெள்ளிக்கிழமை நீங்கள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வெளியே வரும்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தீர்கள். அப்படியே நடந்து போனீர்கள். அதற்குப் பிறகு உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

எச்.ஆர். மேடம் கேட்டார்: "அந்தம்மா கடலை போட்டேன்னு சொல்றாங்க. எல்லாரும் அதைத்தான் சாப்பிட்டிருக்காங்க. உங்களுக்கு ஏதாவது அலர்ஜி இருக்கா?"

தங்கதுரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் நிரந்தரப் பட்டியல் ஃபைல் இருந்தது. அது அந்த ஃபைல்தானா என்றுகூடத் தெரியாது, எனக்கு அப்படித் தோன்றியது.

"இல்ல மேடம்" என்றேன்.

அப்படியானால் பழைய சட்னிதான் காரணம் என்று தங்கதுரை சொன்னார். மேடம் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்குப் போனால், சுசித்ரா என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீங்கள் திருப்பி அனுப்பியதை என் பேன்ட் பையிலேயே விட்டிருந்தேன். எனக்குக் கடலை ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் அவள் கடலையை விட்டே ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் வேலை போனது மட்டும் அவளுக்குத் தெரியாது. அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

அவள் கத்தவில்லை. "அன்னைக்கு உன்னை வண்டியில வெச்சித் தள்ளினது இந்தக்காதானா?" என்றாள். ஆமாம் என்றேன். "உனக்கு என்னா ஆவும்னு தெரிஞ்ச ஆளு அந்தக் கம்பெனியில ஒருத்தராவது இருக்காங்களா? இன்னொரு வாட்டி விழுந்தா எந்த ஊசிய போடணும்னு யாருக்குத் தெரியும்? உன் வேலைய காப்பாத்தறேன்னு என் புள்ளைக்கு அப்பன் இல்லாம பண்ணிடாத." அவ்வளவுதான் சொன்னாள்.

திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னால் மேடம் அறைக்குப் போனேன். பெங்களூர் டாக்டர் தாள், ஆஸ்பத்திரித் தாள், ஊசி மருந்து, எல்லாவற்றையும் மேஜை மேல் வைத்தேன். "வெள்ளிக்கிழமை நான் பொய் சொன்னேன் மேடம். சட்னி நல்ல சட்னிதான்" என்றேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை மாத்தறீங்க. இது எங்க போய் முடியும்னு தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன்.

உங்கள் பேரில் குற்றம் இல்லை என்று எழுதிக்கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். 7ஆம் தேதி நான் எழுதியதை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முனீஸ்

*

ஓசூர்,
3 ஏப்ரல் 2025

அக்கா,

நீங்கள் பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று இல்லை.

பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. ஜூன் மாதம் டாக்டர்கள் குழு பார்த்து முடிவு செய்யுமாம். வேலையை விட்டு அனுப்பவில்லை, காண்ட்ராக்டிலேயே ஓடுகிறது. ஊசி மருந்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார்கள். முதலுதவி அறையில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். என் லைன் சூப்பர்வைசர் வந்து எப்படிப் போடுவது என்று கற்றுக்கொண்டார். சிலர் "கடலைக்குப் பயந்தவன்" என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். கூப்பிடுகிறவனுக்கு என்ன விஷயம் என்று தெரிந்திருக்கிறது, அது போதும்.

ராஜலட்சுமியைப் பற்றிக் கேட்டேன். மேடம் அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார்.

அப்பாவிடம் ஆஸ்பத்திரித் தாளைப் படித்துக் காட்டினேன். "அத்தினி நேரம் மூச்சு இல்லாம இருந்தியா?" என்று கேட்டார். மறுநாள் அம்மா போன் செய்து, அப்பா ஒரு புதுச் சட்டி வாங்கித் தனியாக மேலே கவிழ்த்து வைத்திருக்கிறார் என்று சொன்னாள்.

முனீஸ்

*

ஜூஜுவாடி,
9 ஏப்ரல் 2025

முனீஸ்,

பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். வெள்ளிக்கிழமை நீ "இல்ல மேடம்" என்று சொன்னதைப் படித்தபோது தாளைச் சுருட்டி எறிந்தேன். திங்கட்கிழமையைப் படிக்கவே மறுநாள்தான் எடுத்தேன்.

பேப்பர் வந்துவிட்டது. கெட்டுப்போன உணவு பரிமாறவில்லை என்று எழுதி முத்திரை போட்டிருக்கிறார்கள். சேர்த்த பொருளை மறைத்ததற்குக் கண்டிப்பு என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நான் மறுக்கவில்லை. தங்கதுரைக்கு நோட்டீஸ் போயிருக்கிறதாம். என்னை மறுபடி சேர்த்துக்கொள்ள இடம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

இங்கே வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற ஹாஸ்டலில் சமைக்கிறேன். எழுபது பேர். நடத்துகிறவர் ஜோதியம்மாள் என்று ஒரு அம்மா. முதல் நாளே பேப்பரைக் காட்டினேன். கண்டிப்பு வரியைத் தொட்டு, "இது என்னம்மா?" என்று கேட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், நான் சொன்ன "ஆமா"வையும் சேர்த்து. "நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துடு" என்றார். யாருக்கு எது ஆகாது என்று இப்போது எழுபது பேரிடமும் கேட்டு வைத்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு இறால் ஆகாதாம். ஒடிசாக்காரி. "இவ்ளோ நாள் யாரும் கேக்கல" என்றாள்.

என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்துவிட்டார். இன்னும் நான் செய்தது மடத்தனம் என்றுதான் சொல்கிறார்.

உன்மேல் இருந்த கோபம் முழுசாகப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். நம் இரண்டு பேருக்கும் பொய் போதும். போகும், கொஞ்ச நாள் ஆகும். ஜூன் மாதம் அந்த டாக்டர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. சாதகமாக வராவிட்டாலும் எழுது.

சுசித்ராவுக்கு நல்லபடியாக ஆகட்டும். பிள்ளையோடு அவள் தாய்வீட்டிலிருந்து ஓசூருக்கு வந்ததும் சொல்லி அனுப்பு, வந்து பார்க்கிறேன். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஒன்றும் எடுக்காமல் போவது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. ஆனால் உன் வீட்டுக்கு நான் ஒரு வாய்ச் சோறுகூட எடுத்து வரமாட்டேன். என் அடுப்பிலிருந்து எதுவும் உன் வாசல் தாண்ட வேண்டாம். நீ சமைத்து வை. எதில் என்ன போட்டாய் என்று கேட்காமல் சாப்பிடுகிறேன்.

நஞ்சம்மா அக்கா